ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: முன் வலது சக்கரத்தில் ஆட்டம். பால் ஜாயின்ட்டா, அதற்குக் கீழே இருப்பதா?

மாம்பலம்_ஹெரால்டு · சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், மார்க் 3, நாலு கதவு. பெரியப்பா வாங்கிய வண்டி, 12 வருடமாக என் கையில். 948 சிசி எஞ்சின் இன்னும் பழையபடியே ஓடுகிறது, அதில் குறையில்லை.

இரண்டு மாதமாக முன் வலது பக்கம் ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது 'டொக்'. அப்புறம் தெருமுனையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் கதவுக் கீல் மாதிரி ஒரு முனகல். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "மேல் பால் ஜாயின்ட் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார். சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் போகவும் விடும் உருண்டை மூட்டுதான் அது. புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். நானே மாற்றலாம் என்று ஆசை.

கேள்வி இரண்டு. மேல் ஜாயின்ட்டைக் கழற்றுவதற்கு ஸ்பிரிங்கை அமுக்க வேண்டுமா? அதன் டேப்பரை (துளையில் இறுகி நிற்கும் கூம்புத் தண்டை) பிரிக்க அந்த முள் கரண்டி மாதிரி ஃபோர்க் வாங்க வேண்டுமா?

---

செங்கல்பட்டு_சக்கரம் · சனி, இரவு 10:25

இரண்டுக்கும் 'வேண்டாம்' என்பதே பதில். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மறுபடி ஜாக்கி போட்டு, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டிக்கொண்டே இருக்கும்போது வீட்டில் யாரையாவது பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் ஜாயின்ட். 3 மணி, 9 மணி இடத்தில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டு அல்லது ஸ்டியரிங் ரேக்.

ஜாயின்ட்தான் என்றால் எந்த ஜாயின்ட் என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்து மேல் ஜாயின்ட்டில் ஒரு விரலும் கீழே ஒரு விரலும் வைத்துப் பாருங்கள். ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்துவிடுமே, டயர் மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம். இந்த வசதி வேறு எந்த வண்டியில் இருக்கிறது!

ஒரு சந்தேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது இந்த வண்டி எங்கே நின்றது?

---

கான்டெசா_88 · சனி, இரவு 11:02

எங்கள் வண்டியில் மேலேயும் பால் ஜாயின்ட், கீழேயும் பால் ஜாயின்ட். போனால் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். உங்கள் வண்டிக்காரர்கள் மட்டும் ஏன் எப்போதும் துப்பறிகிறீர்கள்? 🙂

---

மாம்பலம்_ஹெரால்டு · ஞாயிறு, காலை 11:15

பார்த்துவிட்டேன். மகள் பிரேக் அழுத்தினாள், நான் ஆட்டினேன், தம்பி விரல் வைத்தான். பிரேக் பிடித்ததும் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. மேல் ஜாயின்ட் கல் மாதிரி நிற்கிறது. கீழே, அந்த மஞ்சள் உலோகக் கட்டைக்கும் அதற்குள் இறங்கும் இரும்புத் தண்டுக்கும் நடுவில்தான் அசைவு. தம்பி விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டான், கிள்ளியதாம்.

மிக்ஜாமின்போது வண்டி வீட்டு வாசலில்தான். இரண்டு நாள் வீல் நட்டு வரை தண்ணீர். அதன்பிறகு பிரேக் டிரம் கழற்றிக் காயவைத்தேன், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினேன். இதைத் தொடவே இல்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மெக்கானிக் அதைக் 'கிங் பின்' என்றார்.

---

செங்கல்பட்டு_சக்கரம் · ஞாயிறு, மதியம் 12:40

அதுதான் நினைத்தேன். அதன் பெயர் ட்ரனியன். வெண்கலக் கட்டை. உள்ளே மரை. சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்கின் அடிப்பக்கமும் மரைதான், அந்தக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது லிங்க் முழுவதும் ஒரு போல்ட்டு மாதிரி அந்த மரையில் சுற்றுகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது கட்டை, லோயர் ஆர்மில் (சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் கீழ்க் கையில்) உள்ள குறுக்குப் போல்ட்டில் ஊஞ்சலாடுகிறது. ஒரே கட்டைக்கு இரண்டு வேலை.

இதில் கவனிக்க வேண்டியது எடை போகும் வழி. ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்து அதைக் கீழே தள்ளுகிறது. தரை, சக்கரத்தை மேலே தள்ளுகிறது. நடுவில் இழுபடுவது அந்த மரை. மேல் பால் ஜாயின்ட் லிங்கைச் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. அந்தப் பக்கத்து எடை முழுவதும் கீழ் மரையில் தொங்குகிறது. அதனால்தான் ஸ்பிரிங்கை அமுக்காமலே மேல் ஜாயின்ட்டைக் கழற்றலாம் என்றேன்.

மரைக்குள் தண்ணீர் நின்று துருப்பிடித்தால் லிங்க் அரித்து ஒருநாள் முறியும். ஆர்ம் தரையில் விழும், சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து போகும். பெரும்பாலும் வண்டி மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது நடக்கும், ஏனென்றால் மரைக்கு அப்போதுதான் அதிக முறுக்கு. ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பும் என்று பெருமையாகச் சொல்வோம். அவ்வளவு ஒடியும் சக்கரத்துக்குச் செலவு இந்த மரையில்தான். உங்கள் முனகல் சத்தம் அதுதான்.

கழற்றிப் பார்க்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். கடைக்குக்கூட வேண்டாம்.

---

மைனர்_மாமா · ஞாயிறு, மாலை 4:05

பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். திருச்சியில் 35 வருடமாக மோரிஸ் மைனர் வைத்திருக்கிறேன், 8 வருடமாக ஒரு ஹெரால்டும். மைனரில் மேலேயும் மரை, கீழேயும் மரை. மாதம் ஒருமுறை நல்ல கிரீஸ் அடித்தால் ஒன்றும் ஆகாது. ஹெரால்டுக்கும் அதேதான் செய்கிறேன். கிரீஸ் கன்னால் நாலு அமுக்கு, மேலே பழைய கிரீஸ் பிதுங்கி வரும், துடைத்துவிட்டால் முடிந்தது.

---

ஹாரோ_ஸ்பிட்ஃபயர் · ஞாயிறு, இரவு 8:50

மாமா மன்னிக்க வேணும், இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நான் லண்டனில் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருக்கிறன், முன்பக்கம் ஹெரால்டும் அதுவும் ஒரே சாமான்தான். ஹெரால்டை முதலில் இங்கிலாந்தில் செய்த ட்ரையம்ஃப் கொம்பனியின் புத்தகத்திலேயே கிறீஸ் இல்லை, ஹைப்பொயிட் 90 கியர் ஒயில் என்றுதான் கிடக்கு. கிறீஸ் கன்னுக்குள் ஒயிலை விட்டு அடிக்க வேணும்.

ஏன் என்றால், ஒயில் மரையின் இடுக்குகளில் தானே ஏறிப் பரவும். கிறீஸ் அப்படிப் போகாது. கொஞ்ச நாளில் இறுகி வழியை அடைச்சுப் போடும். அதுக்குப் பிறகு நீங்கள் அடிக்கிற புதுக் கிறீஸ் லேசான பக்கத்தால் வெளியில வரும், நீங்கள் உள்ளே போய்விட்டது என்று நினைப்பீங்கள். அடியில தண்ணி மட்டும் அப்படியே நிற்கும்.

மைனருக்குக் கிறீஸ் சரி, நான் மறுக்கேல்லை. இது வேற சாமான். லோட்டஸ் எலான் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்திலும் இதே ட்ரையம்ஃப் லிங்கும் ட்ரனியனும்தான். லோட்டஸைத் தொடங்கின, ரேஸ் கார் புத்தி உள்ள கொலின் சப்மனே இதை நம்பி எடுத்தவர் என்றால் டிசைனில் பிழை இல்லை, பராமரிப்பில்தான் பிழை.

இன்னொன்று. இங்கே 2018இலிருந்து 40 வயது தாண்டிய கார்களுக்குப் பெரும்பாலும் எம்.ஓ.டி. என்ற வருடாந்தத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. நான் இப்பவும் வருசம் ஒருக்கால் காசு கட்டிச் செய்விக்கிறன், இந்த ஒரு ஜொயின்டுக்காகத்தான்.

---

மைனர்_மாமா · ஞாயிறு, இரவு 9:30

ஆயில் விட்டால் ஒழுகும். வாசல் பூரா எண்ணெய். கிரீஸ் நிற்கும். என் வண்டி ஓடுகிறது.

---

லேத்து_பீளமேடு · ஞாயிறு, இரவு 10:15

ஒழுகட்டும்ங்க. ஒழுகுறதுதான் உள்ளே ஆயில் இருக்குங்கிறதுக்குச் சாட்சி.

கோயம்புத்தூரில் லேத் போட்டிருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து ட்ரனியன் கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) கடைந்து கொடுக்கிறேன். என்னிடம் வரும் பழைய ஜோடிகளில் ஆயில் விட்டது எது, கிரீஸ் அடித்தது எது என்று திருகும்போதே கை சொல்லிவிடும். ஆயில் விட்டது தேய்ந்திருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும். கிரீஸ் அடித்ததில் மேல் நாலு மரை பளபளப்பாக இருக்கும், அடி மரையில் செங்கல் பொடி மாதிரி துரு.

---

கான்டெசா_88 · ஞாயிறு, இரவு 10:31

கியர் ஆயிலில் ஜிஎல்-5 என்ற ரகம் வெண்கலத்தைத் தின்னும் என்கிறார்களே?

---

லேத்து_பீளமேடு · ஞாயிறு, இரவு 10:38

அந்தப் பேச்சு கியர்பாக்ஸ் சின்க்ரோ ரிங்குக்கு. அங்கே சூடு இருக்குது. இங்கே அரைச் சுற்று சுற்றும் கட்டைக்கு ஏது சூடு? ஜிஎல்-4 கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கடையில் கேட்டால் கொடுக்கும் 90 நம்பர் போதும்ங்க.

---

மாம்பலம்_ஹெரால்டு · அடுத்த ஞாயிறு, இரவு 7:20

கழற்றினேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இனிமேல் செய்பவருக்கு உதவும்.

முதலில் மேல் ஜாயின்ட். டேப்பர் நட்டை முழுக்க எடுக்காமல் நாலு மரை விட்டு நிறுத்தினேன். செங்கல்பட்டு_சக்கரம் போனில் சொன்னபடி இரண்டு சுத்தி. லிங்கின் கண் பகுதிக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஒரே அடி. முதல் மூன்று அடி பயந்து பயந்து அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாவதை மனசார அடித்தேன், 'டப்' என்று விட்டுக்கொடுத்தது. ரப்பர் உறைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஃபோர்க் போட்டிருந்தால் உறை கிழிந்திருக்கும். லிங்க் வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸை இழுக்காமல் இருக்க ஒரு கம்பியால் அப்பர் ஆர்மில் கட்டிவைத்தேன்.

கீழ்க் குறுக்குப் போல்ட்டுதான் உயிரை வாங்கியது. நட்டு வந்துவிட்டது, போல்ட்டு வரவில்லை. உள்ளே உள்ள இரும்புக் குழாயோடு துருவால் ஒன்றாகிவிட்டது. இரண்டு நாள் ஊடுருவும் ஆயில் விட்டும் அசையவில்லை. கடைசியில் ஆர்முக்கும் கட்டைக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்தேன். இரண்டே கால் மணி நேரம், ஐந்து பிளேடு.

பிறகு ட்ரனியனை வைஸில் பிடித்துத் திருகினேன். வந்தது ஆயிலும் இல்லை, கிரீஸும் இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர் ஒரு ஸ்பூன் அளவு. தரையில் சொட்டியது. மிக்ஜாம் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். லிங்கின் மரையில் அடிப் பாதி அரித்துக் குழி குழியாக இருக்கிறது. சீல் உட்காரும் இடத்துக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டினால் ஒரு கோடு தட்டுகிறது. பார்த்தால் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிகிறது.

ஒர்க்‌ஷாப்காரர் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, வெல்டிங் ஏத்தி புதுசா மரை போட்டுடலாம்" என்கிறார். கோவை அண்ணா, செய்யலாமா?

---

லேத்து_பீளமேடு · ஞாயிறு, இரவு 7:34

கூடாது. கூடாதுங்க. கூடவே கூடாது.

அது ஃபோர்ஜிங் செய்து ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்த இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு பகுதி கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். மரை அழகாகத்தான் இருக்கும். முறியும்போது வெல்டிங்குக்கு அரை இஞ்ச் தள்ளி முறியும். ட்ரனியனை நான் புதிதாகக் கடைந்து தருவேன், ஆனால் லிங்கை ரிப்பேர் செய்து தரமாட்டேன். யார் கேட்டாலும் இதே பதில்தான்.

நகத்தில் தட்டுவது விரிசலா, கடைசல் தடமா என்று பார்க்க, வெல்டிங் சாமான் கடையில் டை பெனெட்ரன்ட் என்று மூன்று டப்பா கிடைக்கும். சுத்தமாகத் துடைத்து, சிவப்பை அடித்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளையை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பு நூல் மாதிரி எழுந்து வரும்.

---

மாம்பலம்_ஹெரால்டு · செவ்வாய், இரவு 9:05

எழுந்து வந்தது. தண்டைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு.

இந்த வண்டியில்தான் போன மாதம் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய் வந்தேன்.

---

செங்கல்பட்டு_சக்கரம் · செவ்வாய், இரவு 9:20

சரி, கண்டுபிடித்தாயிற்று, அதுவே பெரிது. இடது பக்கமும் அதே தண்ணீரில்தான் நின்றது, அதையும் கழற்றுங்கள். பழைய லிங்கில் புது ட்ரனியன் மாட்டினாலும் பாதி ஆட்டம் இருக்கும், ஜோடியாகவே மாற்றுவது நல்லது. நம் ஊரில் பழைய லிங்க் கிடைக்கும், ஆனால் அதுவும் எந்த வெள்ளத்தில் நின்றதோ. புதியதாக வாங்குங்கள்.

இடது பக்கம் தொடங்கும் முன் ஒன்று...

(மன்னிக்கவும், வீட்டில் கூப்பிடுகிறார்கள். நாளை எழுதுகிறேன்.)

---

மாம்பலம்_ஹெரால்டு · புதன், இரவு 8:45

நீங்கள் நாளை எழுதுவதாகச் சொன்னதை நான் நேற்றே தெரிந்துகொண்டிருக்கலாம். 'இடது பக்கம் இடது மரை, எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும்', அதானே? இன்று மாலை அரை மணி நேரம் கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி வந்து, "அண்ணே, அது உள்ளே போய்க்கிட்டு இருக்கு" என்றான்.

---

ஹாரோ_ஸ்பிட்ஃபயர் · புதன், இரவு 11:10

எல்லாருக்கும் ஒருக்கால் நடக்கும். எனக்கு நடந்தபோது சொல்ல ஒரு தம்பிகூட இல்லை.

இங்கே லிங்கும் ட்ரனியனும் புதிதாகக் கிடைக்குது, நான் பார்த்து அனுப்பிவிடலாம். வந்ததும் வலது எது, இடது எது என்று பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கோ. மாட்டேக்க ட்ரனியனை முழுக்கத் திருகி முட்ட விட்டு, பிறகு ஒரு சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி விடுங்கோ. முட்டின நிலையிலேயே விட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்கேக்க அடியில் இடிச்சு லிங்கை நெம்பும். கூடத் திருப்பினால் பிடிக்கிற மரை குறையும். குறுக்குப் போல்ட்டில் இப்ப கிறீஸைப் பூசுங்கோ, தாராளமாக. மாமாவும் சந்தோசப்படுவார்.

---

மாம்பலம்_ஹெரால்டு · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:30

பார்சல் வந்தது. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து சாமான் விலையைத் தொட்டுவிட்டது, பரவாயில்லை. இரண்டு பக்கமும் முடிந்தது.

மேல் பால் ஜாயின்ட் கதைதான் சிரிப்பு. வலது பக்கத்தில் கழற்றிய பழையதை விரலால் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை, கையால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி ஒரே சீராகத் திரும்புகிறது. புதுப்பேட்டையில் வாங்கிய புதியது கிலுகிலுப்பை மாதிரி ஆடுகிறது. மாற்றத்தான் வாங்கினேன், பழையதையே திருப்பிப் போட்டேன். இடது பக்கம் மட்டும் ரப்பர் கிழிந்து உள்ளே மணல். அதற்கு ஜோடியில் கொஞ்சம் இறுக்கமாக இருந்த இன்னொன்றைப் போட்டேன். ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது, மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதில் ஒரு தொல்லை. நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்டு) இறுக்கினால் ஜாயின்ட்டின் தண்டும் சேர்ந்து சுற்றியது. சக்கரம் போனில் சொன்ன வழி: டேப்பரைத் துணியால் துடைத்து உலர வைத்து, முதலில் சாதாரண நட்டைப் போட்டு இறுக்கி டேப்பரை உட்கார வைத்து, அதை எடுத்துவிட்டுப் புது நைலாக். ஒரே முறையில் நின்றது.

உள்பக்க ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டியை இறக்கி நாலு பேரை உட்கார வைத்த பிறகுதான் முழுக்க இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருக்குமாம். வீல் அலைன்மென்ட் நாளைக்கு. சத்தம் இல்லை, முனகல் இல்லை. ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புகிறது.

90 நம்பர் ஆயிலை கிரீஸ் கன்னில் விட்டு, சக்கரம் தரையில் படாதபோது அடித்தேன், மேல் சீலில் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை. என் சட்டையிலும் அதே அளவு.

---

மைனர்_மாமா · திங்கள், காலை 6:10

படித்தேன். நேற்று என் ஹெரால்டின் வலது பக்கம் பிளக்கைக் கழற்றி ஆயில் அடித்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. கன் பிடியை இரண்டு கையாலும் அமுக்கினேன், போகவில்லை. கம்பி விட்டால் மெழுகு மாதிரி சுரண்டி வருகிறது.

மைனருக்குக் கிரீஸ்தான். அதில் மாற்றமில்லை. கோயம்புத்தூர் தம்பி, ஹெரால்டின் இரண்டு லிங்கையும் கழற்றி லாரி சர்வீஸில் போடுகிறேன். சிவப்பு மருந்து அடித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?

---

லேத்து_பீளமேடு · திங்கள், காலை 7:45

அனுப்புங்க மாமா. கிரீஸை மட்டும் துடைச்சுட்டு அனுப்புங்க.